சீனியர் கோல்ஃப் டூர் என்பது ஓய்வூதியத் திட்டமா?

கேள்வி இதுதான்: 50 வயதைத் தாண்டிய தொழில்முறை கோல்ஃப் வீரர்களுக்கென்று அமெரிக்காவில் தனியாக ஒரு டூர் நடக்கிறதே, அது பேர் பெற்ற பழைய ஆட்களுக்குக் கொடுக்கும் ஒருவித ஓய்வூதியம்தானா, அங்கே உண்மையான போட்டி இருக்கிறதா, இளமையில் பெரிய ஆளாக இருந்தவர்தானே அங்கேயும் ஜெயிப்பார்? மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

வசதியான இடம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓய்வெடுக்க வந்தவர் யாரும் அங்கே ஜெயித்து நான் பார்த்ததில்லை. பல வருடமாக அந்த ஸ்கோர் பலகைகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேலே வருகிற பெயர்களில் பாதிக்கு மேல், நாற்பதுகளில் எல்லோரும் மறந்துபோன பிறகும் பயிற்சி மைதானத்தை விட்டு நகராதவர்களின் பெயர்கள். பழைய புகழ் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு அந்தப் புகழுக்கு ஒரு ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் ஒரு அடி, குறைந்த அடிகளில் முடிப்பவரே ஜெயிப்பார்) கூடத் தள்ளுபடி கிடையாது.

முதலில் இது எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் ஓய்வூதியம் என்ற பேச்சுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. மூத்தவர்களுக்கான போட்டி புதிது இல்லை. சீனியர் பிஜிஏ சாம்பியன்ஷிப் (பிஜிஏ என்பது தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் சங்கம்) 1937-லேயே அகஸ்டா நேஷனலில் தொடங்கிவிட்டது. ஆனால் அது வருடத்துக்கு ஒரு போட்டி, பழைய நண்பர்கள் கூடுகிற மாதிரி. 1978-ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஆனியன் கிரீக் மைதானத்தில் லெஜண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப் என்று இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆடும் போட்டி ஒன்றைத் தொலைக்காட்சிக்காக ஏற்பாடு செய்தார்கள். முதல் வருடம் சாம் ஸ்னீட், கார்ட்னர் டிக்கின்சன் ஜோடி ஜெயித்தது. அப்போது ஸ்னீடுக்கு வயது 65. கடைசி மூன்று குழிகளிலும் அவர் பேர்டி போட்டார், அதாவது மூன்றிலும் நிர்ணயித்த எண்ணிக்கையை விட ஒரு ஸ்ட்ரோக் குறைவு. அடுத்த வருடம் ஜூலியஸ் போரோஸ், ராபர்ட்டோ டி விசென்ஸோ ஒரு பக்கம், டாமி போல்ட், ஆர்ட் வால் இன்னொரு பக்கம் என்று பிளேஆஃப், அதாவது சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டம், ஆறு குழி வரை இழுத்தது. ஒருவர் மாற்றி ஒருவர் பேர்டி போட்டுக்கொண்டே போனார்கள், ஜனங்கள் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. வயதானவர்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

1980 தொடக்கத்தில் ஸ்னீட், டிக்கின்சன், போரோஸ், பாப் கோல்பி, டான் ஜனுவரி, டான் சைக்ஸ் ஆகிய ஆறு பேர் உட்கார்ந்து பேசி, சீனியர் பிஜிஏ டூர் பிறந்தது. அந்த வருடம் டூர் நடத்திய போட்டிகள் மொத்தமே இரண்டு. 2003-ல் சாம்பியன்ஸ் டூர் என்று பெயர் மாறியது, 2016-ல் இருந்து பிஜிஏ டூர் சாம்பியன்ஸ். இரண்டு போட்டியில் தொடங்கியது 1990-களில் வருடத்துக்கு ஏறத்தாழ 40 வரை போனதற்கு, கோல்ஃபின் பெரிய நட்சத்திரமான ஆர்னால்ட் பால்மர் சரியான நேரத்தில் 50 வயதைத் தொட்டது பெரிய காரணம். 1979 செப்டம்பரில் அவருக்கு 50 ஆனது. அமெரிக்க சீனியர் ஓபனின் முதல் வருடம் 55 வயது ஆனவர்கள்தான் ஆடலாம் என்று விதி. மறு வருடமே அதை 50 ஆக இறக்கினார்கள், அந்த 1981 போட்டியை பால்மரே ஜெயித்தார். அவர் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஸ்பான்சர் வருவார்.

ஆனால் அந்த முதல் வருடத்தில் என் மனதுக்கு நெருக்கமான வெற்றி பால்மருடையது இல்லை. இரண்டே போட்டிகள் நடந்தன என்றேனே, அதில் சன்ட்ரீ கிளாசிக் போட்டியை ஜெயித்தவர் கறுப்பின வீரரான சார்லி சிஃபோர்ட். வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று அமெரிக்க பிஜிஏ தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. அந்த விதியை 1961-ல்தான் நீக்கினார்கள், அதற்குள் சிஃபோர்டுக்கு 39 வயது ஆகிவிட்டது. ஒரு கோல்ஃப் வீரனின் நல்ல வருடங்கள் எல்லாம் வாசலில் நின்றே போய்விட்டன. அப்படியும் அவர் 1967-ல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஜெயித்தார். அவருக்குப் பின்னால் ஜிம் டென்ட் வந்தார், அகஸ்டாவில் கேடியாகப் பை தூக்கியவர். பந்தை அவர் அளவுக்குத் தூரம் அடிக்க அந்தக் காலத்தில் ஆளே இல்லை என்பார்கள், ஆனால் எல்லா வயதினரும் ஆடும் முதன்மையான பிஜிஏ டூரில் ஒரு வெற்றி கூட அமையவில்லை. 50 ஆன பிறகு சீனியர் டூரில் 12 முறை ஜெயித்தார். ஜிம் தார்ப் 13 முறை. ஓய்வூதியம் என்றால் உழைத்த காலத்துக்குப் பிறகு கொடுப்பது. இவர்களுக்கு அந்தக் காலமே முழுசாகக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இது தாமதமாக வந்த முதல் வேலை.

சரி, இப்போது விதிகளுக்கு வருகிறேன். பிஜிஏ டூரில் ஒரு போட்டி நான்கு நாள், 72 குழி. இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கிய பாதிப் பேரை வெளியே அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பெயர் கட். சீனியர் டூரில் வழக்கமான போட்டி மூன்று நாள், 54 குழி, பெரும்பாலும் கட் கிடையாது, 78 பேர் வந்தால் 78 பேருக்கும் ஏதோ ஒரு பணம் உண்டு. வழக்கமான போட்டிகளில் கார்ட் வண்டியில் போகலாம். மைதானத்தின் நீளமும் பெரும்பாலும் 7,000 கஜத்துக்குக் கீழேதான். இதையெல்லாம் கேட்டால் சுகமான ஏற்பாடு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் மேஜர் என்று சொல்லப்படும் ஐந்து பெரிய போட்டிகள் இருக்கின்றன: ட்ரெடிஷன், சீனியர் பிஜிஏ, அமெரிக்க சீனியர் ஓபன், சீனியர் பிளேயர்ஸ், பிரிட்டனில் நடக்கும் சீனியர் ஓபன். அங்கே நான்கு நாள் ஆட்டம், நடந்துதான் போக வேண்டும். 2018-ல் அமெரிக்க சீனியர் ஓபனில் முழங்கால் வலிக்காக கார்ட் வேண்டும் என்று ஜான் டேலி கேட்டார், கொடுக்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். கொலராடோ மலையில் இருக்கும் பிராட்மூர் மைதானம் அது, ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். சிலர் அதைக் கொடுமை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடை என்பது இந்த ஆட்டத்தின் ஒரு பகுதி, நாலாவது நாள் பதினைந்தாவது குழியில் கால் கனக்கும்போது ஸ்விங் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துத்தான் மேஜர் சோதிக்க வேண்டும்.

அப்புறம் யார் உள்ளே வரலாம் என்ற விஷயம். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அதிகம் தெரியாத பகுதி இதுதான், எனக்கு முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான். 50 வயது ஆனால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிஜிஏ டூரில் நிறைய ஜெயித்தவர்கள், வாழ்நாள் சம்பாத்தியப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் ஆகியோருக்கு இடம் உண்டு. முந்தைய வருடம் சீனியர் டூரிலேயே முதல் 36 இடத்துக்குள் வந்தவர்களுக்கு உண்டு. இதெல்லாம் இல்லாதவருக்கு இருப்பது தகுதித் தேர்வு, க்யூ ஸ்கூல் என்பார்கள், அதில் மொத்தம் ஐந்து பேருக்குத்தான் அட்டை, அதாவது டூரில் ஆடும் உரிமை. உலகம் முழுவதிலும் இருந்து 50 வயது ஆன நல்ல ஆட்டக்காரர்கள் வந்து குவிவார்கள், அதில் ஐந்து. அதுவும் தவறினால் திங்கட்கிழமை தகுதிச் சுற்று: ஒரே நாள், 18 குழி, விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். அங்கே ஒரு பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டித் தட்டும் அடி) குழியின் உதட்டில் சுற்றி வெளியே வந்தால் அந்த வாரம் விமானக் கட்டணமும் ஓட்டல் செலவும் கையை விட்டுப் போனதுதான்.

ஸ்டீவன் ஆல்கர் வந்தது அந்தத் திங்கட்கிழமை வாசல் வழியாகத்தான். நியூசிலாந்துக்காரர், 1971-ல் பிறந்தவர். பிஜிஏ டூருக்கு ஒரு படி கீழே இருக்கும் டூரில்தான் பெரும்பாலான காலம் ஆடினார், அங்கே நான்கு முறை ஜெயித்தார். அதில் 2014-ல் கிளீவ்லாந்தில் நடந்த போட்டியில் பிளேஆஃப் மட்டும் 11 குழி போனது. மேல் டூருக்குப் போவதும் அட்டையை இழந்து திரும்புவதுமாகவே வருடங்கள் போயின, பிஜிஏ டூரில் ஒரு வெற்றியும் இல்லை. 2021 ஜூலையில் 50 ஆனது. அடுத்த மாதம் சியாட்டில் பக்கம் நடந்த போயிங் கிளாசிக் போட்டிக்குத் திங்கட்கிழமை தகுதி பெற்று நுழைந்தார், ஏழாம் இடத்தில் முடித்தார். இந்த டூரில் ஒரு விதி உண்டு: முதல் பத்து இடத்துக்குள் வந்தால் அடுத்த போட்டியில் நேரடியாக ஆடலாம். ஆக அடுத்த வாரமும் முதல் பத்துக்குள் வரவேண்டும், வந்தார். அதற்கடுத்ததிலும் வந்தார். ஒவ்வொரு போட்டியும் அவருக்குத் தேர்வு மாதிரி, ஒன்றில் சறுக்கினாலும் மறுபடி திங்கட்கிழமை வரிசைதான். இப்படியே போய் நவம்பரில் ஃபுளோரிடாவில் ஜெயித்துவிட்டார். மறு வருடம் நான்கு வெற்றிகள், அதில் ஒன்று சீனியர் பிஜிஏ, வருட முடிவில் டூரின் சாம்பியன் பட்டமான சார்ல்ஸ் ஷ்வாப் கோப்பை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 30 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். இருபத்தைந்து வருடம் விமான நிலையங்களில் தேய்ந்த மனிதர்.

ஆல்கர் ஏதோ அபூர்வப் பிறவி என்று நினைக்க வேண்டாம். இந்த டூரின் வரலாறு முழுக்க இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். வால்ட் ஸெம்பிரிஸ்கி உயரமான கட்டடங்களில் இரும்புச் சட்டம் பொருத்தும் தொழிலாளியாக இருந்தவர், சீனியர் டூரில் மூன்று முறை ஜெயித்தார். லாரி லாரெட்டி ஒரு கிளப்பில் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், வாயில் சுருட்டோடு நடந்து 1992 அமெரிக்க சீனியர் ஓபனையே எடுத்துப் போனார். ஜே சிகல் அமெச்சூராகவே இருந்து 1982, 1983 இரண்டு வருடமும் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றவர், 50 வயது ஆன பிறகுதான் முதல்முதலாகப் பணத்துக்காக ஆட வந்தார், எட்டு முறை ஜெயித்தார். கென் டனிகாவா பல வருடம் தொழில்முறை ஆட்டத்தை விட்டுவிட்டு அமெச்சூராகத் திரும்பிப் போனவர், ஐம்பதை ஒட்டி மறுபடி வந்து 2019-ல் சீனியர் பிஜிஏ ஜெயித்தார்.

இவர்களில் ஆலன் டாயலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் பந்து அடித்துப் பழகும் ரேஞ்ச் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர். கல்லூரியில் ஐஸ் ஹாக்கி ஆடியவர், ஸ்விங்கும் ஹாக்கி மட்டையால் தட்டுகிற மாதிரிதான் இருக்கும். மட்டை தோளுக்கு மேலே போகவே போகாது. சிறுவயதில் கூரை தாழ்வான அறையில் பழகியதால் வந்த பழக்கம் என்று சொல்வார்கள். எந்தப் பயிற்சியாளரும் ஒரு மாணவனுக்கு அதைக் காட்டமாட்டார். 46 வயது வரை அமெச்சூர். 1995-ல் தொழில்முறைக்கு மாறி, 47 வயதில் பிஜிஏ டூருக்குப் புதுமுகமாக வந்தார். சீனியர் டூரில் 11 வெற்றிகள், நான்கு மேஜர்கள். 2005 அமெரிக்க சீனியர் ஓபனில் கடைசி நாள் காலையில் தலைவரை விட ஒன்பது ஸ்ட்ரோக் பின்னால் இருந்தார். அன்றைக்கு 63 அடித்துப் பட்டத்தை வாங்கினார். அது தற்செயல் என்று யாரும் சொல்வதற்குள் மறு வருடமும் அதே பட்டம், 58 வயது நிறைய சில வாரங்கள் இருக்கும்போது. அவர் ஸ்விங்கை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கவனித்தேன், பந்து ஒவ்வொரு தடவையும் ஃபேர்வேயின், அதாவது புல்லைக் குட்டையாக வெட்டி வைத்த பாதையின், நடுவில்தான் போய் விழுந்தது. மட்டையைப் பின்னால் எடுக்கும் தூரம் குறைவு என்றால் வயதாகும்போது கெட்டுப்போவதற்கு அதில் அதிகம் இல்லை என்பது என் கணிப்பு.

இப்போது மூன்றாவது கேள்வி: பெரிய ஆள்தானே இங்கேயும் ஜெயிப்பார்? சிலர் ஜெயித்தார்கள், உண்மைதான். ஜாக் நிக்லஸ் குறைவாகத்தான் ஆடினார், அதிலேயே எட்டு சீனியர் மேஜர்கள். லீ ட்ரெவினோ 29 முறை ஜெயித்தார். 1975-ல் ஆட்டத்தின் நடுவே மின்னல் தாக்கியவர், அதற்கப்புறம் முதுகில் அறுவை சிகிச்சை, எப்போதும் வலி. அவர் 1990-ல், சீனியராக முதல் முழு வருடத்தில், ஏழு முறை ஜெயித்து 11 லட்சத்து 90 ஆயிரம் டாலர் சம்பாதித்தார். அதே வருடம் பிஜிஏ டூரில் பணப் பட்டியலில் முதலிடம் பிடித்த கிரெக் நார்மனை விட அது அதிகம். வயதானவர் இளைஞர்களின் முதல்வனை விட அதிகம் சம்பாதித்தது செய்தித்தாளில் வந்த பிறகுதான் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதுக்காரர்கள் எல்லாம் உடம்பைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அதே நார்மன் சீனியர் டூரில் ஒரு போட்டி கூட ஜெயிக்கவில்லை. அதிகம் ஆடவும் இல்லை, மனம் வேறு தொழில்களில் இருந்தது. இன்னொரு பெரிய ஆளான நிக் ஃபால்டோ தொலைக்காட்சி வர்ணனைக்குப் போய்விட்டார். செவே பாயஸ்டெரோஸ் கதைதான் எனக்கு இன்றும் மனதைப் பிசைகிறது. எல்லா வயதினரும் ஆடும் மேஜர்களில் ஐந்தை வென்றவர், அவர் காலத்தில் பந்தைக் கையால் எடுத்து வைப்பது போல அடித்தவர். 2007 ஏப்ரலில் 50 ஆனது, மே மாதம் சீனியர் டூரில் ஒரே ஒரு போட்டி ஆடினார், கடைசி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார். ஜூலையில் ஓய்வை அறிவித்துவிட்டார். முதுகு வலி அவரை முப்பதுகளின் பிற்பகுதியிலேயே தின்றுவிட்டது. ஐம்பது வயது வந்துவிட்டது என்பதற்காகக் காணாமல்போன ஆட்டம் திரும்பி வராது. நாற்பதுகளில் அது உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் காலின் மாண்ட்கோமரி. ஐரோப்பிய டூரில் 31 வெற்றிகள், ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு மேஜர் கூட இல்லை, அமெரிக்காவில் பிஜிஏ டூரில் ஒரு வெற்றி கூட இல்லை, அங்கே கூட்டத்தில் அவரைக் கிண்டல் செய்யவே சிலர் வருவார்கள். 2014-ல் ஐம்பதைத் தாண்டியவராக சீனியர் பிஜிஏ, அமெரிக்க சீனியர் ஓபன் இரண்டையும் ஒரே வருடத்தில் ஜெயித்தார். சீனியர் மேஜர் நிஜ மேஜருக்கு ஈடாகுமா என்று கேட்டால் ஆகாது. ஆனால் அமெரிக்க மண்ணில் அந்தக் கோப்பையைத் தூக்கியபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

இனி ஹேல் இர்வின், பெர்ன்ஹார்ட் லாங்கர் இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இந்த டூரின் மொத்தக் கதையும் இவர்கள் இருவருக்குள் அடங்கிவிடும். இர்வின் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், முரட்டுப் போட்டியாளர், மூன்று முறை அமெரிக்க ஓபன் வென்றவர். மூன்றாவது, 1990-ல், 45 வயதில். அந்த வயதில் அதை வேறு யாரும் வென்றதில்லை. இதைத்தான் நாற்பதுகளில் ஆட்டம் உயிரோடு இருக்க வேண்டும் என்றேன். 1995-ல் சீனியர் டூருக்கு வந்தார், 1997-ல் மட்டும் ஒன்பது போட்டிகளை ஜெயித்தார். 2007 ஜனவரியில், 61 வயதில், 45-வது வெற்றி. ஐந்தாறு வருடம்தான் வாய்ப்பு, ஐம்பத்தைந்துக்கு மேல் புதிதாக ஐம்பது ஆகி வருகிற தூர அடிக்காரர்கள் தள்ளிவிடுவார்கள் என்பது இந்த டூரில் எல்லோரும் சொல்கிற கணக்கு, பெரும்பாலோருக்கு அது சரியாகவும் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தாண்டி நின்ற இர்வினின் 45 என்ற எண்ணை யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

லாங்கர் ஜெர்மனியில் ஆன்ஹவுசன் என்ற சிற்றூரில் 1957-ல் பிறந்தவர். அப்பா கொத்தனார். சின்ன வயதிலேயே கேடி வேலைக்குப் போய் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். 1985, 1993 இரண்டு முறை மாஸ்டர்ஸ் என்ற மேஜரை ஜெயித்தார், 1986-ல் உலகத் தரவரிசை தொடங்கியபோது முதல் நம்பர் ஒன் அவர்தான். ஆனாலும் பிஜிஏ டூரில் அவர் வெற்றிகள் மொத்தம் மூன்று. இர்வினுக்கு 20. காகிதத்தில் பார்த்தால் யார் சீனியர் சாதனையாளராக ஆகியிருக்க வேண்டும்?

லாங்கருக்கு இருந்த பிரச்சினை வேறு. கோல்ஃபில் யிப்ஸ் என்று ஒன்று உண்டு. இரண்டு அடி தூரத்தில் குழி, குழந்தை கூடப் போட்டுவிடும், ஆனால் மட்டையைப் பின்னால் எடுத்ததும் மணிக்கட்டு தானாகத் துடித்துவிடும், பந்து குழியைத் தாண்டி நாலடி ஓடும். வந்தவர்களில் பலர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். லாங்கருக்கு இளமையில் இருந்தே அது திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பிடியை மாற்றினார். ஒரு கட்டத்தில் பட் தட்டும் மட்டையான பட்டரின் கைப்பிடியை இடது முன்கையோடு சேர்த்து வைத்து, வலது கையால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொள்வார், மணிக்கட்டு அசையவே வழி இருக்காது. பார்க்க உடைந்த கைக்குக் கட்டுப் போட்டது போல இருக்கும். அப்படித்தான் 1993 மாஸ்டர்ஸ் ஜெயித்தார். பிறகு நெஞ்சு உயரம் வரும் நீளப் பட்டருக்கு மாறினார். 2016 ஜனவரியில் பட்டரை உடம்பில் ஊன்றி அடிக்கக்கூடாது என்று விதி வந்தது, இதோடு லாங்கர் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். அவர் அதே நீளப் பட்டரை நெஞ்சில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பழகிக்கொண்டு, 2017-ல் ஏழு போட்டிகளை ஜெயித்தார், அதில் மூன்று மேஜர்கள். ஐந்து சீனியர் மேஜர்களையும் வென்ற முதல் ஆள் ஆனதும் அந்த வருடம்தான்.

2007-ல் அவர் சீனியர் டூருக்கு வந்தார். 2024 வரை ஒரு வருடம் கூட ஜெயிக்காமல் விட்டதில்லை. அவர் வெற்றிகளில் 30-க்கும் மேல் 55 வயதுக்குப் பிறகு வந்தவை, அதாவது எல்லோரும் வாய்ப்பு மூடிவிட்டது என்று சொல்கிற வயதுக்குப் பிறகு. 2023 ஜூலையில் விஸ்கான்சினில் நடந்த அமெரிக்க சீனியர் ஓபனில் ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர், ஜெர்ரி கெல்லி என்ற இரண்டு உள்ளூர்க்காரர்களை அவர்கள் மண்ணிலேயே, நான்கு நாள் நடந்தே ஆடி, 65 வயதில் தோற்கடித்தார். அது 46-வது வெற்றி, இர்வினின் எண்ணைத் தாண்டிய வெற்றி. பந்தை அவரை விட முப்பது, நாற்பது கஜம் தள்ளி அடிப்பவர்கள் அந்த டூரில் நிறையப் பேர். அவர் நீளமான மட்டையை எடுத்து கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்தரை) சரியான பக்கத்தில் பந்தை இறக்குவார், கேடியிடம் தூரத்தை ஒற்றைக் கஜம் வரை கேட்டு வாங்குவார். அந்தப் பொறுமை சிலருக்குச் சலிப்பாக இருக்கும். எனக்கு இந்த ஆட்டத்தில் அதை விட அழகான காட்சி இல்லை.

இந்த ஆட்களின் தரம் எப்படி என்று சந்தேகம் இருந்தால், அவர்கள் இளைஞர்களோடு மோதிய வாரங்களைப் பாருங்கள். கிரெய்க் ஸ்டாட்லர் 2003-ல் ஒரு வாரம் சீனியர் மேஜர் ஜெயித்துவிட்டு, அடுத்த வாரமே பிஜிஏ டூரில் பி.சி. ஓபனை ஜெயித்தார், 50 வயதில். ஃபில் மிக்கல்சன் சீனியர் டூரில் ஆடிய முதல் இரண்டு போட்டிகளையும் 2020-ல் ஜெயித்து, 2021 மே மாதம் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றார். ஃப்ரெட் கப்பிள்ஸ் பல வருடமாக முதுகு வலியோடு ஆடுபவர், 2022-ல் 63 வயதில் ஒரு சீனியர் போட்டியின் கடைசிச் சுற்றில் 60 அடித்தார், தன் வயதை விட மூன்று குறைவு. டாம் வாட்சன் 2009-ல் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், 59 வயதில், இடுப்பு மாற்று அறுவை முடிந்து ஒரு வருடம் கூட ஆகாத நிலையில், கடைசிக் குழிக்கு ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையில் வந்தார். ஃபேர்வேயில் இருந்து எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையால் அடித்தார். கச்சிதமான அடி, பந்து கிரீனில் விழுந்தது, நிற்கவில்லை, உருண்டு பின்பக்கம் போய்விட்டது. அங்கிருந்து தட்டியது எட்டடி தாண்டியது, திரும்ப வந்த பட் உள்ளே போகவில்லை. பிளேஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் ஜெயித்தார். அந்த எட்டாம் நம்பர் அடியில் ஒரு குறையும் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

குறைகள் இல்லையா என்றால் இருக்கின்றன. வாழ்நாள் சம்பாத்தியத்தை வைத்து இடம் கொடுக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் சம்பாதித்த பணத்துக்காக இன்று அறுபதாவது இடத்தில் முடிக்கிற ஒருவர், திங்கட்கிழமை 65 அடித்தும் இடம் கிடைக்காத ஒருவரின் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறார். ஓய்வூதியம் என்ற குற்றச்சாட்டு பொருந்துவது இந்த இடத்தில்தான். பரிசுத் தொகையும் பெரும்பாலான போட்டிகளில் 20 லட்சம் டாலரை ஒட்டியே நிற்கிறது, ஜெயிப்பவருக்கு அதில் 15 சதவிகிதம், பிஜிஏ டூரின் பெரிய போட்டிகளில் புழங்கும் இரண்டு கோடி டாலரோடு ஒப்பிட முடியாது. ஆனால் கட் இல்லாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன், மூன்றே நாள் ஆட்டத்தில் பாதியை அனுப்பிவிட்டால் பிறகு யாருக்காக டிக்கெட் விற்பது?

கடைசியாக ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன், கேட்டவருக்கு எதையாவது தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் இதையே தேடலாம். 2024 பிப்ரவரியில் லாங்கர் பிக்கிள்பால் ஆடும்போது இடது குதிகாலின் அகிலீஸ் தசைநார் கிழிந்தது. 66 வயதில் அந்த அறுவை சிகிச்சை என்றால் மறுபடி நன்றாக நடந்தாலே பெரிய விஷயம். மே மாதமே டூருக்குத் திரும்பினார். நவம்பரில் ஃபீனிக்ஸில் வருடத்தின் கடைசிப் போட்டி. அப்போது அவருக்கு 67 வயது, அந்த வருடம் இன்னும் ஒரு வெற்றியும் இல்லை, பதினேழு வருடத் தொடர் அன்றைக்கு அறுந்துவிடும் நிலை. கடைசி நாள், கடைசிக் குழி. ஸ்டீவன் ஆல்கரும் ரிச்சர்ட் கிரீனும் அவரோடு சமநிலையில் நின்றார்கள். லாங்கரின் பந்து குழியில் இருந்து சுமார் 30 அடி தள்ளிக் கிடந்தது. இளமையில் இரண்டடிப் பட்டுக்கே கை நடுங்கிய மனிதர், நெஞ்சில் படாமல் நீளப் பட்டரைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்று தட்டினார். பந்து உள்ளே போனது. ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் 47-வது வெற்றி. இரண்டாம் இடத்தில் முடித்த ஆல்கருக்கு அந்தப் புள்ளிகளோடு வருடத்தின் கோப்பை, இரண்டாவது முறையாக. மூன்று வருடத்துக்கு முன்னால் திங்கட்கிழமை வரிசையில் நின்றவர், அன்றைக்கு அதே கிரீனில் லாங்கருக்குக் கை கொடுத்தார்.